தாகம் எடுக்காதவருக்குத் தண்ணீர்: முதியோர் இல்லங்களில் நீரிழப்பும் சிகிச்சையும்

முதியோர் இல்லம் ஒன்றில் இருக்கும் பாட்டி ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். எடை 50 கிலோ. நேற்றுவரை பேரப்பிள்ளைகளின் பெயர்களைத் தடுமாறாமல் சொன்னவர், இன்று மாலை "இது யார் வீடு?" என்று கேட்கிறார். எழுந்தால் தள்ளாடுகிறார். பகலெல்லாம் கண் செருகுகிறது. பார்க்க வந்த மகள், மறதி நோய் முற்றிவிட்டது என்று கலங்குகிறாள். ரத்தப் பரிசோதனையில், உப்பின் அளவைக் காட்டும் சோடியம் 147 என்று வருகிறது. அது 135-க்கும் 145-க்கும் இடையில் இருக்க வேண்டும். கணக்குப் போட்டால், பாட்டியின் உடலில் குறைந்திருப்பது ஒரு லிட்டருக்குச் சற்றே கூடுதலான தண்ணீர். "தாகமாக இருக்கிறதா பாட்டி?" என்று கேட்டால், "இல்லையே" என்கிறார். அவர் எதையும் மறைக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தாகம் எடுக்கவில்லை.

அந்த "இல்லையே" எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால், சிகிச்சையில் பாதி புரிந்துவிடும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நீரிழப்பு வேறு, நீரிழிவு வேறு. நீரிழிவு என்பது சர்க்கரை நோய். நீரிழப்பு என்பது உடலுக்குள் வரும் நீரைவிட வெளியேறும் நீர் மிகுந்து, இருப்பு குறைந்துபோவது. ஒலி ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது: சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறும்போது சிறுநீர் வழியாக நீர் கொட்டிப்போகும். ஆகவே நீரிழிவு உள்ள முதியவருக்கு நீரிழப்பு எளிதில் வந்துவிடும்.

தாகம் எங்கே போகிறது?

இளைஞரின் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீர். முதுமையில் அது 50 சதவீதத்துக்கு அருகிலோ அதற்குக் கீழோ இறங்கிவிடுகிறது. பெண்களுக்கு இன்னும் குறைவு. காரணம் தசை. உடலில் நீரைச் சேர்த்துவைக்கும் பெரிய தொட்டி தசைதான். அதில் முக்கால் பங்கு நீர். வயது ஏற ஏறத் தசை கரைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. கொழுப்பில் நீர் மிகக் குறைவு. தொட்டியே சிறுத்துவிட்டதால், கட்டுடல் கொண்ட இளைஞர் தாங்கிக்கொள்ளும் ஒரு லிட்டர் இழப்பு மெலிந்த பாட்டியின் நினைவையே தடுமாற வைக்கிறது.

சிறுநீரகமும் முன்போல இல்லை. இளம் வயதில் நீர் குறைந்தால் சிறுநீரகம் உடனே சிக்கனத்தில் இறங்கும். சிறுநீரை அடர்த்தியாக்கி நீரைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். முதுமையில் அந்தத் திறன் மங்குகிறது. உடல் வறண்டுகொண்டிருக்கும்போதும் சிறுநீர் வெளிர்நிறமாகவே போகலாம்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் தாகம் மங்குவது. 1984-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 67 முதல் 75 வயதுவரையான ஆரோக்கியமான ஆண்கள் ஏழு பேர், 20 முதல் 31 வயதுவரையான இளைஞர்கள் ஏழு பேர். இரு குழுவினரும் 24 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தார்கள். பிறகு வேண்டிய அளவு குடிக்கச் சொன்னபோது, முதியவர்கள் இளைஞர்களைவிடக் குறைவாகத் தாகத்தை உணர்ந்தார்கள், குறைவாகவே குடித்தார்கள். இவர்கள் நோயாளிகள் அல்லர், நடமாட்டத்தோடு நலமாக இருந்தவர்கள். அவர்களுக்கே இப்படி என்றால், படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருப்பவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. "தாகம் எடுத்தால் கேட்பார்" என்ற எண்ணம் இந்த வயதில் செல்லாது.

இதற்கு மேல் முதியோர் இல்லத்து வாழ்க்கைக்கே உரிய காரணங்கள் சேர்கின்றன. தண்ணீர் மேசைமேல் இருக்கிறது, ஆனால் கைக்கு எட்டவில்லை. எட்டினாலும் கை நடுங்குகிறது. கனமான கண்ணாடிக் குவளையைத் தூக்க முடியவில்லை. மறதி நோய் உள்ளவருக்கு எதிரே இருப்பது குவளை என்றோ, அதைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்றோ தெரிவதில்லை. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும்போது புரையேறுகிறது. அந்தப் பயத்தில் குடிப்பதையே தவிர்க்கிறார். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சிறுநீர் பெருக்கி மாத்திரைகளும், மலமிளக்கிகளும் நீரை வெளியே தள்ளுகின்றன.

இன்னொரு காரணம் வெளியே தெரியாது. குடித்தால் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும். போவதற்கு யாரையாவது கூப்பிட வேண்டும். அழைப்பு மணியை அடித்துவிட்டு, ஆள் வருவதற்குள் உடை நனைந்துவிடுமோ என்ற கவலை. பல முதியவர்கள், தெளிவான மனதோடு, பிறருக்குத் தொல்லை வேண்டாம் என்று தாங்களாகவே குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கழிப்பறைக்கு நேரத்தில் அழைத்துச் செல்ல ஆள் இருந்தால்தான் தண்ணீர்க் குவளை காலியாகும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நீர் மட்டுமா, உப்பும் சேர்ந்தா?

நீரிழப்பு என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உண்மையில் இரண்டு நிலைகள் இருக்கின்றன. வேறுபாடு தெரியாவிட்டால் மருந்து தவறிவிடும்.

முதலாவது, போதுமான அளவு குடிக்காததால் வருவது. நம் பாட்டிக்கு நேர்ந்தது இதுதான். உடலில் நீர் குறைகிறது, உப்பு அப்படியே இருக்கிறது. அடுப்பில் வைத்த குழம்பு சுண்டினால் உப்புக் கரிப்பதுபோல, ரத்தம் அடர்த்தியாகிச் சோடியம் ஏறுகிறது. உயிரணுக்களுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டு அவை சுருங்குகின்றன. மூளையின் அணுக்களும் அப்படியே. குழப்பமும் தூக்கமும் அதனால் வருகின்றன. முதியோர் இல்லங்களில் மிகுதியாகக் காண்பது இந்த வகை.

இரண்டாவது, வயிற்றுப்போக்கு, வாந்தி, ரத்தப்போக்கு போன்றவற்றால் வருவது. இங்கே நீரும் உப்பும் சேர்ந்தே போகின்றன. ரத்தத்தின் அடர்த்தி பெரிதாக மாறாமல் இருக்கலாம், ஆனால் ரத்தக் குழாய்களில் ஓடும் அளவு குறைகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றும், நாடி வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் இறங்கும்.

முதல் வகைக்கு வேண்டியது நீர். இரண்டாவதற்கு நீரும் உப்பும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு பழக்கமான எண்ணம் உண்டு: சோர்வு என்றால் உடனே ஓ.ஆர்.எஸ். கொடுத்துவிட வேண்டும் என்று. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சாப்பாட்டு உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கின்றன. வயிற்றுப்போக்கில் அது உயிர் காக்கும். ஆனால் குடிக்காமல் வறண்டுபோய், ஏற்கெனவே சோடியம் ஏறியிருக்கும் பாட்டிக்கு அது பொருத்தமான பானம் இல்லை. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென் தன் வழிகாட்டுதலில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: குறைவாகக் குடித்ததால் வந்த நீரிழப்புக்கு ஓ.ஆர்.எஸ்ஸோ விளையாட்டு வீரர்களுக்கான பானங்களோ தேவையில்லை. அவருக்குப் பிடித்த தண்ணீர், தேநீர், காபி, பால், பழச்சாறு, சூப் எதுவானாலும் போதும். தேநீரும் காபியும் உடலை வறட்டிவிடும் என்ற பயமும் வேண்டாம். வழக்கமான அளவில் அவையும் நீர்க் கணக்கில் சேரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது, நாக்கு வறண்டிருக்கிறதா என்று பார்ப்பது, சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது ஆகியவற்றை எல்லோரும் கற்றுவைத்திருக்கிறோம். குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இவை ஓரளவு உதவும். முதியவர்களிடம் இவற்றை நம்ப முடியாது. தோல் வயதாலேயே தளர்ந்திருக்கும். கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கும். வாய் திறந்து மூச்சுவிடுவதாலும் சில மாத்திரைகளாலும் நாக்கு எப்போதும் வறண்டிருக்கும். சிறுநீரின் நிறத்தைப் பற்றி முன்பே பார்த்தோம். எஸ்பென் வழிகாட்டுதல், குறைவாகக் குடித்ததால் வரும் நீரிழப்பைக் கண்டறிய இந்த அறிகுறிகளைப் பயன்படுத்தவே வேண்டாம் என்கிறது. இவற்றைப் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறார்" என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து.

நம்பத்தக்கது ரத்தப் பரிசோதனை. ஆஸ்மோலாலிட்டி எனப்படும் ரத்த அடர்த்தி 300-ஐத் தாண்டினால் நீரிழப்பு உறுதி. அந்தப் பரிசோதனை கிடைக்காத இடத்தில் சாதாரணப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டே கணக்கிடலாம்: சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி 1.86-ஆல் பெருக்குங்கள், குளுக்கோஸை 1.15-ஆல் பெருக்கி அதனுடன் சேருங்கள். யூரியாவையும், கடைசியாக 14-ஐயும் கூட்டுங்கள். எல்லா அளவுகளும் லிட்டருக்கு மில்லிமோல் என்ற அலகில் இருக்க வேண்டும். விடை 295-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். நம் பாட்டிக்குப் பொட்டாசியம் 4, குளுக்கோஸ் 6, யூரியா 8 என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 310 வருகிறது. இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்களில் 188 முதியவர்களின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வொன்றில் ஐந்தில் ஒருவர் 300-ஐத் தாண்டியிருந்தார். மேலும் 28 சதவீதத்தினர் விளிம்பில் இருந்தார்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்திக்குப் பிறகு மட்டும் உடல் அறிகுறிகளுக்கு மதிப்பு உண்டு, அதுவும் கூட்டாகப் பார்த்தால். குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், கைகால் தளர்ச்சி, வாய் வறட்சி, நாக்கு வறட்சி, நாக்கில் பள்ளங்கள், குழிவிழுந்த கண்கள் ஆகிய ஏழில் குறைந்தது நான்கு இருந்தால், நீரும் உப்பும் கணிசமாகப் போயிருக்கக்கூடும்.

பரிசோதனை எப்போது தேவை என்று பராமரிப்பாளர் கேட்கலாம். ஒருவர் திடீரென மாறியிருந்தால் என்பதே என் பதில். திடீர்க் குழப்பம், திடீர் மந்தம், காரணமில்லாமல் விழுதல், புதிதாக மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று. வழக்கமாக அவர் எப்படி இருப்பார் என்று அறிந்தவரே இதை முதலில் கவனிப்பார். அது பெரும்பாலும் மருத்துவராக இருக்காது, தினமும் தலைவாரிவிடும் பராமரிப்பாளராகவே இருக்கும். அவர் "என்னவோ சரியில்லை" என்றால் அந்தச் சொல்லைத் தள்ளிவிடக் கூடாது.

குவளையால் செய்யும் சிகிச்சை

வயதான பெண்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 1.6 லிட்டரும் ஆண்களுக்கு 2 லிட்டரும் பானங்களாக வேண்டும் என்பது எஸ்பென் சொல்லும் அளவு. உணவிலிருந்து கிடைக்கும் நீர் இதில் சேராது. காய்ச்சல், வெப்பம், வயிற்றுப்போக்கு இருந்தால் இன்னும் கூடும். 2003 ஆகஸ்டில் பிரான்சை வாட்டிய வெப்ப அலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் முதியவர்கள். வெயில் ஏறும் நாளில் குவளைகளின் எண்ணிக்கையும் ஏற வேண்டும்.

நம் பாட்டியின் கணக்கைப் பார்ப்போம். 50 கிலோவில் 45 சதவீதம் நீர் என்றால் 22.5 லிட்டர். சோடியம் 140-இலிருந்து 147-க்கு ஏறியிருப்பது 5 சதவீத உயர்வு, 22.5 லிட்டரில் 5 சதவீதம் 1.1 லிட்டர். அதை ஒரே நாளில் நிரப்ப வேண்டியதில்லை. நிரப்புவதும் நல்லதில்லை. இரண்டு, மூன்று நாட்களில் நிரப்பினால் வழக்கமான 1.6 லிட்டருடன் நாளுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் கூடும். மொத்தம் 2.1 லிட்டர். 150 மில்லி குவளையில் 14 குவளைகள். காலை 6 மணியிலிருந்து இரவு 7 மணிவரை மணிக்கு ஒன்று. மருத்துவமனைக்கு அனுப்பாமல், ஊசி போடாமல், இல்லத்திலேயே செய்யக்கூடியது இது. தேவைப்படுவது அந்த 14 முறையும் பக்கத்தில் வந்து உட்கார ஓர் ஆள்.

கொடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்ற விடை தயாராக இருக்கும். "தேநீரா, பழச்சாறா?" என்று கேளுங்கள். குவளையைக் கையில் பிடித்துக்கொடுங்கள். ஒரு மடக்கு உள்ளே போனதும் நகர்ந்துவிடாமல் அடுத்த மடக்குக்காகக் காத்திருங்கள். 2001-இல் அமெரிக்க முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வொன்றில், உணவு வேளைகளுக்கு இடையே வாய்வார்த்தையாக அடிக்கடி நினைவூட்டியதிலேயே பத்தில் எட்டுப் பேர் கூடுதலாகக் குடித்தார்கள். மற்றவர்களில் சிலர், பிடித்த பானத்தைக் கொடுத்ததும் குடித்தார்கள். இவ்வளவு எளிய மருந்து இருக்கும்போது அதை ஆள் பற்றாக்குறையால் இழப்பது வேதனையானது.

மறதி நோய் உள்ளவருக்குக் குவளையின் நிறமும் முக்கியம். வெள்ளை மேசையில் நிறமற்ற கண்ணாடிக் குவளையில் இருக்கும் தண்ணீர், அவர் கண்ணுக்கு இல்லாத பொருள். அமெரிக்காவில் முற்றிய அல்சைமர் நோயாளிகளிடம் செய்த ஒரு சிறிய ஆய்வில், வெள்ளைக்குப் பதிலாகப் பளிச்சென்ற சிவப்புப் பாத்திரங்களைக் கொடுத்தபோது அவர்கள் 84 சதவீதம் கூடுதலாகப் பானம் அருந்தினார்கள். எல்லா இடத்திலும் அதே பலன் வரும் என்று எதிர்பார்க்க முடியாவிட்டாலும், ஒரு சிவப்புக் குவளையை முயன்று பார்ப்பதில் இழப்பு ஏதும் இல்லை.

மாத்திரை வேளையைத் தவறவிடாதீர்கள். தொண்டை நனைக்கும் அளவு கொடுப்பதற்குப் பதிலாக ஒரு முழுக் குவளை கொடுத்தால், மூன்று வேளையில் அரை லிட்டருக்கு அருகில் வந்துவிடும். இரவில் எழ அஞ்சுகிறவருக்குப் பெரும்பகுதியைப் பகலில் முடித்துவிடலாம்.

விழுங்குவதில் தொல்லை இருந்தால் கவனம் தேவை. நேராக நிமிர்த்தி உட்கார வைத்தே கொடுக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றவே கூடாது. நீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். விழுங்குதல் சிகிச்சையாளரின் பரிந்துரைப்படி பானத்தைக் கெட்டியாக்கிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆனால் கெட்டியான பானம் பலருக்குப் பிடிப்பதில்லை, குறைவாகவே குடிக்கிறார்கள். புரையேறுவதைத் தடுக்கப் போய் நீரிழப்பை வரவழைத்துவிடாமல் அளவைக் கண்காணிக்க வேண்டும்.

குறிப்பேட்டில் "கொடுக்கப்பட்டது" என்று எழுதுவதும் "குடித்தார்" என்று எழுதுவதும் ஒன்றாகிவிடக் கூடாது. மேசையில் வைத்த குவளை நிறைந்தபடியே திரும்பிப்போன நாட்களிலும் கணக்கு நிரம்பியிருக்கும் குறிப்பேடுகள் யாருக்கும் பயன்படாது.

இதயச் செயலிழப்போ முற்றிய சிறுநீரக நோயோ உள்ளவருக்கு மேலே சொன்ன அளவுகள் பொருந்தாது. அவர்களுக்கு நீர் கூடினாலும் மூச்சுத் திணறல் வரும். மருத்துவர் சொல்லும் அளவே அளவு. நீரிழப்பு தெரிந்த அன்றே மருந்துப் பட்டியலையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர் பெருக்கிகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், வலிநிவாரணிகள் ஆகியவற்றைச் சில நாட்கள் நிறுத்திவைக்கச் சொல்லக்கூடும். நாமாக நிறுத்தக் கூடாது.

வாய் வழி போதாதபோது

குடிக்க முடியாமலோ, குடித்தும் போதாமலோ இருந்தால் அடுத்த வழி தோலுக்கடியில் நீர் ஏற்றுவது. வயிறு, தொடை, மேல்முதுகு ஆகிய இடங்களில் சிறிய ஊசியைத் தோலுக்குக் கீழே செருகி, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லி வீதம் கரைசலைச் சொட்டவிடுவார்கள். ஓரிடத்தில் நாளுக்கு 1.5 லிட்டர்வரை ஏறும். நரம்பு தேடிக் குத்த வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் இல்லத்திலேயே இரவில் பாட்டி தூங்கும்போது செய்யலாம். ஊசி முதுகில் இருந்தால், குழப்பத்தில் இருப்பவர் பிடுங்கிப் போடுவதும் குறையும். சற்று வீக்கம், சிவத்தல் வரலாம். மிதமான நீரிழப்புக்கு இது நரம்பு வழி டிரிப்புக்கு இணையான பலன் தருகிறது. இவ்வளவு எளிய முறை பல இடங்களில் மறக்கப்பட்டுக் கிடப்பது எனக்கு வருத்தம்.

எழுப்பினால் விழிக்காத மயக்கம், மிகத் தாழ்ந்த ரத்த அழுத்தம், பல மணி நேரம் சிறுநீர் வராமை, நிற்காத வாந்தி ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே நரம்பு வழியாகச் சலைன் ஏற்றுவார்கள். சோடியம் மிகவும் ஏறி, சில நாட்கள் அப்படியே இருந்திருந்தால், அதை மெதுவாகத்தான் இறக்குவார்கள். நாளுக்கு 10 முதல் 12 அலகுக்கு மேல் இறக்குவதில்லை. உப்பு மிகுந்த நிலைக்குப் பழகிவிட்ட மூளை அணுக்களுக்குள் நீர் ஒரேயடியாகப் புகுந்தால் மூளை வீங்கிவிடும். "இன்னும் வேகமாக ஏற்றுங்கள்" என்று கேட்கும் உறவினர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இறுதி நாட்களில் இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாழ்வின் கடைசிக் கட்டத்தில் உடல் தானாகவே நீரை நாடுவதைக் குறைத்துக்கொள்கிறது. அப்போது டிரிப் ஏற்றுவதா வேண்டாமா என்பதை மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து, அவர் முன்பு சொல்லியிருக்கும் விருப்பத்தையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்வார்கள். ஏற்றாவிட்டால் தாகத்தில் தவிப்பாரோ என்று பிள்ளைகள் துடிக்கிறார்கள். அந்த வேளையில் அவரை வருத்துவது பெரும்பாலும் வாய் வறட்சி. அதற்கும் டிரிப்புக்கும் தொடர்பு குறைவு. சுத்தமான மென்பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து நாக்கையும் ஈறுகளையும் துடைத்துவிடலாம், உதட்டில் களிம்பு தடவலாம். பக்கத்தில் இருக்கும் மகளே மணிக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். எப்படி என்று செவிலியர் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும்.